‘டேபிளைப் பாரு’ என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

கேள்வி: கரூரில் 40 பேர் உட்காரக்கூடிய சைவ ஹோட்டல் நடத்துகிறேன். காலையும் இரவும் டிபன், மதியம் இலைச் சாப்பாடு. எங்கள் ஊர் சிறப்புப் பள்ளியில் படித்த இரண்டு பையன்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். மூத்தவருக்கு 20 வயது, டவுன் சிண்ட்ரோம். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார், பேச்சு கொஞ்சம் தெளிவில்லை. இளையவருக்கு 19, ஆட்டிசம். தமிழ் நன்றாகப் படிப்பார், அதிகம் பேச மாட்டார். ஒரு வாரம் வரச் சொல்லிப் பார்த்தோம். மூத்தவர் பக்கத்தில் ஆள் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் வேலை நடக்கிறது. இளையவர் மூன்றாம் நாள் மதியக் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு பேரையும் பாத்திரம் கழுவுற இடத்துல விட்டுருவோம்” என்கிறார் மாஸ்டர். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிப் பழக்குவது? வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன செய்வது?

பதில்: ஐயா, மாஸ்டரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஹோட்டலிலேயே அதிக இரைச்சலும் அதிக ஈரமும் உள்ள இடம் பாத்திரம் கழுவும் இடம்தான். எவர்சில்வர் தட்டு விழும் சத்தம் காதைப் பொத்திக்கொள்கிறவருக்குத் தண்டனை. மூத்தவருக்கோ மனிதர்களோடு பழகுவதுதான் பலம். அதைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து வீணாக்க வேண்டாம். பயிற்சியின் கண்ணோட்டத்தில் இன்னொரு குறையும் உண்டு. கழுவக் கழுவத் தட்டு வந்துகொண்டே இருக்கும். ‘முடித்துவிட்டேன்’ என்று நிமிர ஒரு இடமே இல்லாத வேலையில் கற்றுக்கொள்வது கடினம்.

“பக்கத்தில் ஆள் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை அந்தப் பையனிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஹோட்டல் பேச்சே ஜாடைப் பேச்சு. “அந்த டேபிளைப் பாரு” என்று ஒரு சப்ளையர் இன்னொருவரிடம் சொன்னால், சாப்பிட்டவர் போய்விட்டாரா பார், இலையை எடு, துடை, தண்ணீர் வை, அடுத்தவரை உட்காரச் சொல் என்று ஐந்தாறு வேலை அதற்குள் இருக்கிறது. ஜாடை புரியாதவர் டேபிளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொன்னதைத்தான் செய்கிறார்.

எனவே முதல் வேலை உங்களுடையது. டேபிள் சுத்தம் செய்வதை நீங்களே ஒருமுறை மெதுவாகச் செய்து, கை எங்கெல்லாம் போகிறதோ அதையெல்லாம் எழுதுங்கள். பெரும்பாலும் ஏழு படி வரும்: நாற்காலி காலியா, பை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது, மடித்த இலையை எடுத்துத் தொட்டியில் போடுவது, டம்ளர்களை ட்ரேயில் வைப்பது, ஈரத்துணியால் துடைப்பது, காய்ந்த துணியால் துடைப்பது, நாற்காலியை உள்ளே தள்ளுவது, புது டம்ளர் வைப்பது. ஒவ்வொரு படியையும் உங்கள் ஹோட்டலிலேயே போட்டோ எடுத்து, கைக்கடக்கமான அட்டைகளாகக் கோர்த்து மூத்தவர் இடுப்பில் தொங்கவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டதை நினைவில் நிறுத்துவதைவிடப் பார்த்ததை நிறுத்துவது எளிது. பலருக்குச் செவித்திறன் குறைவும் இருக்கும். ‘சொல்றது ஏறவே மாட்டேங்குது’ என்று முடிவுகட்டும் முன் ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

இந்த ஏழையும் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். முதல் சில நாள் ஆறு படியை சப்ளையர் செய்யட்டும், ஏழாவதான டம்ளர் வைப்பதை மட்டும் பையன் செய்யட்டும். அது கைவந்ததும் ஆறும் ஏழும் அவருடையது, பிறகு ஐந்தும் ஆறும் ஏழும். இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேலை அவர் கையில் முடிகிறது. ‘ஆள் போய்விட்டாரா’ என்று பார்ப்பதற்குத்தான் உண்மையில் புத்தி வேண்டும். அது கடைசியாக வந்து சேரும். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் நாளே அங்கே தடுக்கி விழுவார்: கை கழுவப் போனவரின் இலையை எடுத்துவிடுவார், சண்டை வரும், மாஸ்டர் சொன்னதே சரி என்றாகிவிடும். அந்தப் படிக்கு இரண்டே விதி போதும். இலை மடித்திருக்கிறது, நாற்காலியில் ஆளும் இல்லை பையும் இல்லை: எடுக்கலாம். இரண்டில் ஒன்று சந்தேகம் என்றாலும் அண்ணனைக் கேட்க வேண்டும்.

துடைப்பதில் அநேகமாக எல்லோரும் நடுவில் மட்டும் துடைத்துவிட்டுப் போவார்கள். “ஓரத்தைத் தொடை” என்று நூறு முறை சொல்வதைவிட, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி டேபிள் முழுக்கத் தெளியுங்கள். துளி கண்ணுக்குத் தெரிகிறவரை வேலை முடியவில்லை. மூலையில் தொடங்கி, ஏர் ஓட்டுவதுபோலப் போய்த் திரும்பி வர வேண்டும். டேபிள் துணி நீலம், தரைத் துணி சிவப்பு என்று நிறம் பிரித்துவிடுங்கள். இது பழைய ஆட்களுக்கும் தேவைப்படுகிற விஷயம்தான்.

இலை போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். டேபிளுக்கு எதிர்ப்பக்கம் நின்று போட்டால் இடமும் வலமும் மாறிவிடும். அனுபவமுள்ள சப்ளையர் இதைக் கணக்குப் போடாமலே திருப்பிக்கொள்வார். அந்தக் கணக்கை இவருக்குச் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள். ஒவ்வொரு இருக்கைக்கு முன்பும் நுனி வர வேண்டிய இடத்தில் சிறிய பச்சை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எங்கிருந்து போட்டாலும் நுனி பச்சைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

உதவி செய்யும் விதத்துக்கு வருகிறேன். இந்தப் பயிற்சி பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். கைபிடித்துச் செய்யவைப்பது, செய்துகாட்டுவது, வாயால் சொல்வது, விரலால் காட்டுவது என்று உதவியில் பல தரம் உண்டு. வாயால் சொல்வது சின்ன உதவிபோலத் தெரியும். ஆனால் பிறகு விலக்குவதற்கு மிகக் கடினமானது அதுதான். “ம், அடுத்து? துணி எடு... அப்புறம்?” என்ற குரலும் வேலையின் ஒரு படியாகிவிடும், குரல் நின்றால் கையும் நிற்கும். உங்களிடம் ஒரு வாரத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பழக்குகிறவர் வாயை மூடிக்கொண்டு, ஓரடி பின்னால் நின்று, அட்டையையோ பொருளையோ விரலால் காட்டட்டும். காட்டுவதற்கு முன் மனதுக்குள் பத்து எண்ணட்டும். பதில் வர நேரமாகும். நாம் மூன்று எண்ணுவதற்குள் குறுக்கே விழுகிறோம். வாரம் போகப் போக ஓரடி நாலடியாகி, பிறகு கல்லாப்பெட்டிப் பக்கம் வரை போக வேண்டும்.

தினமும் ஒரு தாள் போடுங்கள். ஏழு படி, ஒவ்வொன்றுக்கும் நேராக ‘தானாக’, ‘காட்டி’, ‘சொல்லி’, ‘கைபிடித்து’ என்று ஒரு குறி. மூன்று நாள் தொடர்ந்து ‘தானாக’ விழுந்தால் அடுத்ததைச் சேர்க்கலாம். ஒரே படியில் நாலு நாள் தேக்கம் என்றால் அந்தப் படி பெரிதாக இருக்கிறது, இரண்டாக உடையுங்கள். தாள் இல்லையென்றால் ‘நல்லாத்தான் பண்றான்’, ‘ஒண்ணும் தேறல’ என்ற இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டே இருப்பீர்கள். பழக்கும் நேரம் காலை 10.30 முதல் 11.30, மாலை 3.30 முதல் 4.30. ஒரு தவணை 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் உங்கள் டேபிளில், உங்கள் துணியால்தான் பழக்க வேண்டும். பள்ளியில் மாதிரி டேபிள் வைத்துக் கற்றது ஹோட்டலுக்கு வந்ததும் காணாமல்போவது சாதாரணம். ஒரு வேலைக்கு ஆறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளரோடு பேசுவதைப் பற்றி. “என்ன இருக்கு?” என்று கேட்டால் இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பது நம் ஊர் சப்ளையரின் பெருமை. மூத்தவருக்கு எது குறைவோ அதையே கேட்கும் வேலை அது. ஆர்டர் சீட்டு அச்சடியுங்கள்: பன்னிரண்டு ஐட்டம், படம், பக்கத்தில் கட்டம், மேலே டேபிள் எண். வாடிக்கையாளரே டிக் போட்டுக் கொடுப்பார். பேச்சுத் தெளிவில்லாதது அப்புறம் தடையே இல்லை. மனப்பாடமாக மூன்று வாக்கியம் போதும். “வாங்க, உக்காருங்க.” “இதுல டிக் பண்ணிக் குடுங்க.” “கொஞ்சம் இருங்க, அண்ணனைக் கூட்டிட்டு வர்றேன்.” மூன்றாவதை முதலில் கற்றுக்கொடுங்கள். எந்தச் சிக்கலிலும் கைகொடுக்கும் வாக்கியம் அது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் தமிழ் ஹோட்டலில் பெரிதாக வெடிக்கும். பல பையன்கள் வாடிக்கையாளரைப் பார்த்து “வா, உக்காரு” என்பார்கள். மரியாதை தெரியாததால் இல்லை. 20 வயது ஆனபிறகும் வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் அவர்களிடம் எல்லோரும் ‘வா, போ, நில்லு’ என்றே பேசியிருப்பார்கள். காதில் விழாத ‘ங்க’ வாயில் எப்படி வரும்? உங்கள் கடையில் எல்லோரும் அவரிடம் “வாங்க, எடுங்க” என்று பேசுவதுதான் பயிற்சி. இதற்குத் தனி வகுப்பு நடத்திப் பயனில்லை. கூப்பிடுவதற்கும் ஒரே விதி: ஆண்கள் எல்லோரும் சார், பெண்கள் எல்லோரும் அம்மா. வயதை ஊகித்து ‘பாட்டி’ என்று கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொள்வது எல்லா சப்ளையருக்கும் நடக்கிற விபத்து. இவருக்கு அது வேண்டாம். சிலர் பிரியத்தில் வாடிக்கையாளரைக் கட்டிப்பிடிப்பார்கள். “தொடாதே” என்று சொன்னால் கைக்கு வேலை இல்லாமல் போகும். கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்குங்கள், இரண்டு கையும் அதிலேயே அடங்கிவிடும். வாடிக்கையாளர் கன்னத்தைக் கிள்ளினாலோ செல்ஃபிக்கு இழுத்தாலோ தடுக்க வேண்டியது நீங்கள்.

மதியப் பரிமாறலில் அப்பளத்தில் தொடங்கலாம். சூடில்லை, சிந்தாது, ஆளுக்கு ஒன்று. அடுத்து பொரியல், பிறகு தயிர். சாம்பார், ரச வாளி வேண்டாம். தண்ணீர் ஜக் 1 லிட்டர் போதும், அதிலும் முக்கால்தான் நிரப்ப வேண்டும்; டவுன் சிண்ட்ரோமில் கைப்பிடி தளர்வாக இருப்பதுண்டு. இலைமேல் கையை விரித்தால் ‘போதும்’ என்று நமக்குத் தெரியும், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சப்ளையர் ஒருவரை இலைக்கு முன் உட்காரவைத்து, பத்து முறை பரிமாறவிடுங்கள். அதில் நாலு முறை, எப்போது என்று தெரியாதபடி, கையை விரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கை வந்தால் அதுவும் ஒரு சடங்காகிவிடும்.

இளையவருக்கு பார்சல் வேலை பொருந்தும் என்று நினைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர், அநேகமாக எண்ணிக்கையில் தவற மாட்டார், சொன்ன ஒழுங்கு மாறினால் அவரே திருத்தவும் கூடும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் என்னென்ன போக வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்: இட்லி ஒரு செட் என்றால் சாம்பார் ஒன்று, சட்னி இரண்டு. “கொஞ்சம் கூடப் போடு” போன்ற சொற்கள் அவரிடம் செல்லாது. டப்பாவில் கோடு போட்டு, கோடு வரை என்று சொல்லுங்கள். கொதிக்கும் சாம்பாரை வேறொருவர் ஊற்றிவைக்கட்டும், அவர் மூடியைப் போட்டு அடுக்கட்டும். டெலிவரிக்கு வருகிறவர்கள் “சீக்கிரம், சீக்கிரம்” என்று நேராக அவரிடம் வந்து நிற்கக் கூடாது. சீட்டு ஒரு தட்டில் வர வேண்டும், கட்டிய பார்சல் இன்னொரு தட்டில் போக வேண்டும், நடுவில் பேச்சில்லை.

அன்று அவர் காதைப் பொத்திக்கொண்டதை அடம் என்று எண்ண வேண்டாம். 12.30க்கு மிக்ஸி, புகைபோக்கி விசிறி, தட்டுச் சத்தம், கூப்பாடு, தாளிப்பு நெடி எல்லாம் ஒன்றாக வந்து மோதும். சத்தம் குறைக்கும் காதுமூடி வாங்கிக்கொடுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, சுவர் ஓரமாக இடம் கொடுங்கள். முதல் மாதம் கூட்ட நேரத்தில் இருக்கவே வேண்டாம். பிறகு 15 நிமிடம், அடுத்த வாரம் 30. ‘ஓய்வு’ என்று எழுதிய அட்டை ஒன்று அவர் கையில் இருக்கட்டும். அதைக் கல்லாவில் வைத்தால் 10 நிமிடம் ஸ்டோர் ரூமில் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாத மாற்றம்தான் அவரைக் கலைக்கும். நாளை கடை அரைநாள், இன்று மாஸ்டர் லீவு, சட்னி மாறுகிறது என்பதையெல்லாம் வந்ததும் ஒரு பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

வாடிக்கையாளர் கோபம். தவறு நடக்கும், எல்லா சப்ளையருக்கும் நடப்பதுபோல. தண்ணீர் கொட்டினால் பையன் மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும், நீங்களோ மூத்த சப்ளையரோ போய் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்போது “அவன் அப்படித்தாங்க, விடுங்க” என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. வாடிக்கையாளர் சமாதானமாவார், நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவர் அதை மறக்க மாட்டார். சட்டையில் பெயர் அட்டை போதும், குறைபாட்டை எழுதி மாட்ட வேண்டாம். ‘இந்த டேபிளில் சீட்டில் டிக் போட்டு ஆர்டர் கொடுக்கவும்’ என்ற பலகை வேலையைச் செய்துவிடும். திட்டுவது எல்லை மீறினால், பலர் பார்க்க வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்துவது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 92ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. கடையில் இதை எடுத்து நீட்டாதீர்கள், தெரிந்துவைத்திருங்கள்.

வாடிக்கையாளரைவிட நான் அதிகம் கவலைப்படுவது உள்ளே இருப்பவர்களைப் பற்றி. கெட்ட வார்த்தை சொல்லச் சொல்லிச் சிரிப்பது, சிகரெட் வாங்க அனுப்புவது, தன் வேலையை இவர் தலையில் கட்டுவது, கைமாற்று வாங்குவது. இது பகையாக வராது, கேலியாகத்தான் வரும். முதல் நாளே கூட்டிவைத்துச் சொல்லிவிடுங்கள். ஒரு ஷிப்டுக்கு ஒரே பொறுப்பாளரை நியமித்து அவருக்குச் சிறிது கூடுதல் தொகை கொடுங்கள். நாலு பேர் நாலு விதமாகக் கட்டளையிட்டால் கற்றதும் கலையும்.

உடல்நலத்தில் மூன்று கேள்வி பெற்றோரிடம் கேட்க வேண்டும். வலிப்பு வருமா? வரும் என்றால் தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி, கொதிக்கும் அண்டா பக்கம் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதில் பயனில்லை. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. மூத்தவருக்குக் கழுத்தெலும்பைப் பார்த்திருக்கிறார்களா? டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்புத் தளர்ந்திருக்கும். மருத்துவர் சொல்லும்வரை அரிசி மூட்டையைத் தலையிலோ தோளிலோ ஏற்றாதீர்கள். இதயத்தில் ஏதும் குறை உண்டா? அதுவும் அவர்களுக்கே தெரியும்.

சம்பளம் செய்கிற வேலைக்கு உரியதாக, அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போக வேண்டும். ‘சாப்பாடு போடறோம்ல’ என்பது சம்பளமாகாது. இரக்கப்பட்டு வாடிக்கையாளர் கையில் திணிக்கும் நோட்டு எல்லோருக்கும் பொதுவான டிப்ஸ் டப்பாவுக்குப் போகட்டும். உங்களிடம் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இருக்கும், அதன் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு மாதம் ரூ.21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.25,000. பெற்றோரின் முதல் பயம் மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்பதாக இருக்கும். வேலையில் சேர்க்கும் முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பயம் தீராமல் வருகிற பையனை மூன்றாம் மாதம் அம்மாவே நிறுத்திவிடுவார்.

உணவைக் கையாளும் எல்லோருக்கும் வேண்டிய ஆண்டு மருத்துவச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் இவர்களுக்கும் உண்டு. அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஊசி போடப்போகும் நாளை இளையவருக்கு இரண்டு நாள் முன்பே பலகையில் எழுதிக் காட்டுங்கள்.